வளர்ப்பு மீன் கடலைக் காப்பாற்றுமா? அது என்ன சாப்பிடுகிறது என்று முதலில் கேளுங்க!

அபிராமத்தில் நின்றால் கடல் தெரியாது. கமுதி தாலுகாவின் இந்தப் பேரூரைச் சுற்றிக் கண்மாய், மிளகாய்க் காடு, சீமைக் கருவேலம், அவ்வளவுதான். ஆனால் மீனுக்குக் குறைவில்லை. ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பைக்கில் வரும் கடல் மீனும் உண்டு, கட்லா, ரோகு என்று விற்கும் நன்னீர் மீனும் உண்டு. வாங்குகிறவர் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "கடல் மீனா, வளர்ப்பு மீனா?"

இப்போது இந்தக் கேள்விக்கு ஒரு புது அர்த்தம் சேர்ந்திருக்கிறது. கடலில் மீன் குறைகிறது, அதனால் வளர்ப்பு மீனுக்கு மாறுங்கள், கடல் பிழைத்துக்கொள்ளும் என்பது ரீல்ஸ் முதல் அரசு விளம்பரம் வரை கேட்கிற வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. உலகமும் அந்தப் பக்கம்தான் போகிறது. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் முதல்முறையாகப் பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகமாகிவிட்டது. மீன், இறால், நண்டு எல்லாம் சேர்த்து உலகம் உற்பத்தி செய்ததில் 51 சதவீதம் பண்ணையில் இருந்து வந்தது.

ஆனால் அந்த வாதம் பாதிதான் சரி. மீதிப் பாதி, ராமேஸ்வரம் பக்கத்துக் கரையில் 'சங்காயம்' என்ற பெயரில் குவிந்து கிடக்கிறது.

சங்காயம் என்றால் என்ன?

விசைப்படகு கரைக்கு வந்ததும் மீனைத் தரம் பிரிப்பார்கள். இறால் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம். பாறை, சீலா, விளமீன் கிடைத்தால் அது தனி. இதெல்லாம் போக மிஞ்சும் ஒரு குவியல்தான் சங்காயம். சாப்பாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கப்படும் பொடி மீன்.

கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் 'ஆகாத' மீன் மட்டும் இல்லை. காரல் இருக்கும், சூடை இருக்கும், பேத்தை இருக்கும். கூடவே விரல் நீளம்கூட வளராத நண்டுக் குஞ்சு, கணவாய்க் குஞ்சு, நாளைக்குக் கிலோ கணக்கில் எடை போட வேண்டிய நல்ல மீன்களின் குஞ்சுகளும் இருக்கும். ஆறு மாதம் கழித்து வலையில் விழுந்திருந்தால் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டியவை, இப்போது கூடைக் கணக்கில் போகின்றன.

இதற்குக் காரணம் இழுவைமடி. கடலின் அடித்தரையை உரசிக்கொண்டே போகும் பை போன்ற வலை அது. பையின் கடைசியில் உள்ள கண்ணி குறைந்தது 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. சின்ன மீன் தப்பித்துப் போகட்டும் என்பதற்காக வைத்த கணக்கு. அந்த விதி படகேறியதா இல்லையா என்பதற்குச் சங்காயக் குவியலைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்தக் கரை சின்னதும் இல்லை. தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமே கிடையாது. பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. வெயில் அடித்தரை வரை போகும், கடற்புல் வளரும், மீன் குஞ்சு பொரித்து வளர அதைவிட நல்ல இடம் இல்லை. அப்படிப்பட்ட தரையில்தான் இழுவைமடி வாரம் மூன்று நாள் ஓடுகிறது. (ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது பழைய ஏற்பாடு. இரண்டும் ஒரே நாளில் போனால் நாட்டுப்படகின் வலை மிஞ்சாது.)

ஒதுக்கிய மீன் எங்கே போகிறது?

ஒரு காலத்தில் இந்தக் கழிவு மீனில் பெரும்பகுதியைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள், மிச்சம் கருவாடாகும். விலை குறைந்த கருவாடு ஏழை வீட்டுக் குழம்புக்குப் போனது. அபிராமம் மாதிரி உள்ளூர்ச் சந்தைகளுக்கு வந்ததும் அதுதான்.

இன்றைக்கு அதற்கு ஒரு தனிச் சந்தை இருக்கிறது. காயவைத்த சங்காயம் கோழித் தீவனத்துக்காக நாமக்கல் பக்கம் போகிறது. மீன் தூள் ஆலைக்குப் போகிறது. அந்தத் தூள் இறால் தீவனத்தில் சேர்கிறது. அதாவது மீனே வேண்டாம், முட்டை போதும் என்கிறவர் தட்டிலும் பாக் நீரிணை கொஞ்சம் இருக்கிறது.

ஒரு கிலோ மீன் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். இந்தியாவில் வெனாமி இறால் வளர்க்க அனுமதி கிடைத்தது 2009-ல். அதற்குப் பிறகு இறால்தான் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதியில் முதலிடம். குளம் ஆந்திராவில் இருக்கலாம், நாகப்பட்டினத்தில் இருக்கலாம். தீவனத்தில் மீன் தூள் இருக்கிற வரைக்கும் அந்தக் குளத்தின் ஒரு கால் கடலில்தான்.

இறால் பண்ணை என்றதும் நிலமும் நிலத்தடி நீரும் உப்பாவதைத்தான் நாம் பேசுவோம். பேசத்தான் வேண்டும். சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும், அதற்குப் பிறகு 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் பெரும்பாலும் அந்த நிலத்துச் சண்டையில் பிறந்தவை. தீவனம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்போதும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது.

மண்டபத்துக் கூண்டு

வளர்ப்பு மீனில் ராமநாதபுரத்துக்கு ஒரு பெருமை இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில்தான் 2010-ல் இந்தியாவில் முதல்முறையாகக் கோபியா மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தார்கள். தமிழில் கடல் விரால். வேகமாக வளரும் மீன். ஆறேழு மாதத்தில் இரண்டு, மூன்று கிலோ தேறும். அதற்குப் பிறகு மண்டபம், முனைக்காடு பக்கம் மிதவைக் கூண்டுகள் வந்தன. மீனவர் குழுக்கள் மானியத்தோடு இறங்கின. கடலுக்குப் போய் மீன் தேட வேண்டாம், கரையோரமே வளர்க்கலாம், இலங்கைக் கடற்படையிடம் மாட்ட வேண்டாம். இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும், யாரையும் சம்மதிக்க வைக்க.

அந்த விஞ்ஞானிகளின் வேலையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் கடல் விரால் ஒரு வேட்டை மீன். அது புல் தின்னாது, தவிடு தின்னாது. கூண்டு வைத்தவர்கள் அதற்குப் பெரும்பாலும் போடுவது வெட்டிய பொடி மீன். சங்காயம்!

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பச்சை மீன் போட்டு வளர்த்தால், ஒரு கிலோ கடல் விராலுக்கு ஐந்து கிலோ பொடி மீன் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். ஒரு கூண்டில் 1,000 கிலோ அறுவடை என்று வைத்துக்கொண்டால், 5,000 கிலோ பொடி மீனைக் கடலில் இருந்து எடுத்து, அதில் 4,000 கிலோவைக் கரைத்துவிட்டு, மிச்சத்தை 'வளர்ப்பு மீன்' என்று விற்கிறோம். பணக் கணக்கில் இது லாபம். விலை போகாத ஐந்து கிலோ, நல்ல விலைக்குப் போகும் ஒரு கிலோ ஆகிறது. மீன் கணக்கில் இது நஷ்டம்.

இன்னொரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், சங்காயமும் வராது. கடலுக்கு விடுமுறை விடும் மாதங்களில்தான் கூண்டுக்காரர் தீவனத்துக்கு அலைய வேண்டும். இழுவைமடிக்கு மாற்று என்று சொல்லப்படுகிற தொழில், இழுவைமடி நின்றால் தானும் திண்டாடுகிறது என்றால், அதை மாற்று என்று எப்படிச் சொல்வது?

கழிவுக்கு விலை வந்தால்...

"எப்படியும் வலையில் விழுந்துவிட்டது, வீணாகாமல் பயன்படட்டுமே" என்று ஒரு பதில் உண்டு. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் விலை என்பது ஒரு கழிவைக் காலி செய்வதோடு நிற்காது, அந்தக் கழிவைத் தேடவும் வைக்கும்.

2010-ல் ஆரோன் சாவியோ லோபோவும் சக ஆய்வாளர்களும் சோழமண்டலக் கரையின் இழுவைமடித் தொழிலை ஆராய்ந்து 'கன்சர்வேஷன் லெட்டர்ஸ்' இதழில் எழுதியது இதைத்தான். பொதுவாக ஒரு மீன் குறைந்துபோனால் டீசல் காசுக்குக்கூடக் கட்டாது, படகு தானாக நின்றுவிடும், மீன் மறுபடி பெருகும். அதுதான் கடலுக்குக் கடைசிப் பாதுகாப்பு. கழிவு மீனுக்கும் காசு வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இறால் கிடைக்காத நாளிலும் படகு ஓடும். குஞ்சும் பொடியும் டீசலுக்குக் காசு கட்டும்.

இதைப் பாக் நீரிணையில் வைத்துப் பாருங்கள். 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நம் பக்கம் தரை வறண்டதும் படகு கோட்டைத் தாண்டுகிறது. அந்தப் பக்கம் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் இருந்து, 2009-க்குப் பிறகு சின்னப் படகோடு மறுபடி தொழிலைத் தொடங்கியவர்கள். அவர்கள் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போவது நம் ஊர் இழுவைமடி. இலங்கை 2017 ஜூலையில் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அதற்குப் பிறகு கைது, படகு பறிமுதல், அபராதம், சிறை என்று நமக்குத் தெரிந்த செய்திகள். மீனவர் மீது துப்பாக்கிச் சூடு, தாக்குதல் என எது நடந்தாலும் அதற்கு நியாயமே கிடையாது, கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவரும் மீனில் ஒரு பங்கு கோழித் தீவனமாகப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தச் செய்தி முழுமையாகாது.

மீனவர் மீது மட்டும் பழி போடுவதும் தப்பு. இழுவைமடி இங்கே தானாக முளைத்ததில்லை. 1952-ல் கேரளத்தில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம்தான் இதற்குப் பாதை போட்டது. இறால் ஏற்றுமதி டாலர் கொண்டுவந்ததும் அரசே மானியம் கொடுத்து விசைப்படகை வளர்த்தது. கடனோடு தொழிலில் இறங்கியவரிடம் ஐம்பது, அறுபது வருடம் கழித்து வந்து "நிறுத்து" என்றால், என்னத்தை வைத்து நிறுத்துவார்?

மாற்றுத் திட்டம் ஒன்று வந்தது. 2017 ஜூலையில் பிரதமர் ராமேஸ்வரம் வந்தபோது தொடங்கிவைத்தார். 2,000 இழுவைமடிப் படகுகளை எடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகுகள் தருவது, மதிப்பு 1,600 கோடி ரூபாய். ஒரு படகின் விலை 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கையில் இருந்து 10. பேப்பரில் நன்றாக இருந்தது. ஐந்து ஆண்டு கழித்தும் கொடுத்த படகு நூறைத் தொடவில்லை. காரணம் புரியாத மர்மம் இல்லை. கையில் இருந்து 8 லட்சம், கடன் 16 லட்சம், அது போக ஒவ்வொரு முறை போகும்போதும் டீசல், ஐஸ் செலவு. காலையில் போய் மறுநாள் திரும்புகிறவருக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பது வேறு தொழில். சங்காயத்துக்கு நல்ல விலை கிடைக்கிற வரை பழைய படகே மேல் என்று அவர் நினைத்தால், அது பேராசை இல்லை, வீட்டுக் கணக்கு.

அப்போ வளர்ப்பு மீனே வேண்டாமா?

அப்படி இல்லை. எந்த மீன் என்பதுதான் கேள்வி.

நார்வேயையே பார்க்கலாம் (இழுவைமடிக்குப் பாதை போட்ட அதே நார்வே). 1990 வாக்கில் அங்கே சால்மன் தீவனத்தில் 90 சதவீதம் மீன் தூளும் மீன் எண்ணெயும். இப்போது அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. சோயா போன்ற பயிர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அதனால் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா, மொரிட்டானியா, செனகல் கரைகளில் ஊர் மக்கள் சாப்பிட வேண்டிய மீன் இன்றும் தூளாகி வெளிநாட்டுப் பண்ணைகளுக்குப் போகிறது. ஆனாலும் வேட்டை மீனின் தீவனத்தையே மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி. மண்டபத்துக் கூண்டுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா? மானியம் வேண்டுமென்றால் தயாரித்த தீவனம், அந்தத் தீவனத்துக்கும் மானியம். பொடி மீன் போட்டால் கிடையாது. தீவனம் விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். சங்காயம் மலிவாக இருப்பதற்குக் காரணம், அதில் செத்த குஞ்சின் விலையை யாரும் கட்டாததுதான்.

கேரளா 2015-ல் இன்னொரு வழியைப் பிடித்தது. முதலில் 14 வகை, 2017-ல் 58 வகை மீன்களுக்கு 'இந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது' என்று அளவு வைத்தது. அங்கே பிடிபட்ட குஞ்சு மீன்கள் பக்கத்து மாநில மீன் தூள் ஆலைகளுக்குப் போனதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். ராமநாதபுரம் போன்ற இடத்தில் நடுக்கடலில் ஒவ்வொரு வலையையும் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆலையின் வாசலில் அளக்கலாம். படகுகளைவிட ஆலைகள் குறைவு, அவை ஓடியும் போகாது.

தீவனமே வேண்டாத வளர்ப்பும் இருக்கிறது. கடற்பாசி அதில் ஒன்று. தொண்டி பக்கம் வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. ராமேஸ்வரம் தீவுப் பெண்களுக்குப் பாசி புதிதில்லை. ஆனால் வெளிநாட்டுக் கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப் பாறை மேல் பரவியதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதையும் செய்ய வேண்டும். 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கிய கடல் அது.

மறுபடி கண்மாய்க்கு

அதனால்தான் அபிராமத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. கடல் சண்டையில் யாரும் நினைக்காத ஊர். ஆனால் பதிலில் ஒரு நல்ல துண்டு அங்கேதான் இருக்கு.

கட்லா மேல்மட்ட நீரில் நுண்ணுயிர் தின்னும். ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றையும் ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. கொஞ்சம் சாணம், தவிடு, கடலைப் பிண்ணாக்கு போதும். ஒரு கிலோ மீன் தூள்கூட வேண்டாம். இதைச் சாத்தியமாக்கியதும் நம் நாட்டு ஆராய்ச்சிதான். 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி கெண்டை மீன்களை ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்ய வைத்தார். தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள். 2022-23-ல் இந்தியா உற்பத்தி செய்த 175.45 லட்சம் டன் மீனில் 131.13 லட்சம் டன் உள்நாட்டு மீன், கடல் மீன் 44.32 லட்சம் டன்தான். பேச்செல்லாம் கடலைப் பற்றி, தட்டில் இருப்பது பெரும்பாலும் நன்னீர் மீன்.

ராமநாதபுரத்துக் கண்மாய் ஆந்திரக் குளம் இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் தரை. பெய்தாலும் நான்கைந்து மாதம் நிற்கும். வண்டல் ஏறிக் கிடக்கும், கரைக்குள்ளேயே கருவேலம் நிற்கும். கண்மாய் முதலில் வயலுக்குத்தான். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் தண்ணீரை நிறுத்தப் பார்ப்பார், விவசாயி மடையைத் திறக்கச் சொல்வார். தகராறு வராத ஊர் அபூர்வம். குத்தகையும் குறுகிய காலத்துக்குத்தான் கிடைக்கும் என்றால், யார் கைக்காசைப் போட்டுத் தூர்வாருவார்? இதற்கு நடுவே கோழிக் கழிவு போட்டுத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கும் ஆட்களும் உண்டு. 'குளத்து மீன் வேண்டாம்' என்று ஜனங்கள் ஒதுங்க அதுவும் ஒரு காரணம். சேற்று வாடை, முள் என்ற புகார்கள் தனி.

இத்தனையும் சரிசெய்யக் கூடியவை. ஆழ்கடல் படகுக்கு 80 லட்சம் ஒதுக்கிய நாட்டுக்கு ஒரு கண்மாயைத் தூர்வாருவது பெரிய செலவில்லை. நான்கைந்து மாதத் தண்ணீருக்குச் சின்னக் குஞ்சை விட்டால் வளராது, வேறு இடத்தில் வளர்த்து நன்றாகத் தேறிய விரலிகளை விட வேண்டும். அதுவும் தண்ணீர் நிறைந்த கையோடு, கார்த்திகையில். தை மாதம் வந்து சேரும் விரலியால் பிரயோஜனம் இல்லை. குத்தகையைப் பல வருடத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். மடை எப்போது திறக்கும், குறைந்தபட்சம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை ஏலத்துக்கு முன்பே விவசாயிகளோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

காலக் கணக்கும் ஒத்துவருகிறது. கார்த்திகையில் விட்ட மீன், தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரையில் பிடிக்கிற அளவுக்கு வரும். இந்தப் பக்கத்து ஊர்களில் ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு சனம் மொத்தமும் கண்மாய்க்குள் இறங்கும் மீன்பிடித் திருவிழா நடப்பதும் அந்த மாதங்களில்தான். ஏப்ரல் 15-ல் ராமேஸ்வரம் ஜெட்டியில் படகுகள் கட்டிக் கிடக்க, கடல் மீன் விலை ஏறும் வாரங்களும் அவைதான்.